அம்மாவின் மறதிக்கு மஞ்சள் குளிசை: தாவரச் சேர்வைகள் மூளையின் அழற்சியைத் தணிக்குமா?

கொக்குவில் மகள் | ஞாயிறு, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 78 வயது. கடந்த ஆண்டு அவருக்கு அல்சைமர் நோய் இருப்பதாக நரம்பியல் கிளினிக்கில் உறுதிப்படுத்தினார்கள். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் நாங்கள் அதை நோயென்றே எண்ணவில்லை. வயது போனால் அறளை பெயர்வது வழமைதானே என்று அயலவர்கள் சொன்னதை நாங்களும் நம்பியிருந்தோம். ஐம்பது ஆண்டுகளாக நடந்து போய்வந்த கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல், எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே நின்று அவர் அழுத நாளில்தான் விழித்துக்கொண்டோம்.

இப்போது மறதிக்கென்று இரவில் டொனெபெசில் குளிசை ஒன்று கொடுக்கிறோம். சென்ற மாதம் கனடாவிலிருந்து வந்த என் பெரியம்மாவின் மகன் மஞ்சள் குளிசை மூன்று போத்தல் கொண்டுவந்து தந்தார். ஒரு குளிசையில் மஞ்சளிலிருந்து எடுத்த குர்க்குமின் 500 மில்லிகிராமும் மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 5 மில்லிகிராமும் இருப்பதாகவும், அது மூளையின் அழற்சியைக் குறைக்கும் என்றும் போத்தலில் எழுதியிருக்கிறது. மூன்று கிழமைகளாகக் காலையும் மாலையும் ஒவ்வொன்று கொடுத்து வருகிறேன்.

உறவினர்களில் சிலர், இது இயற்கையானது, ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு இதையே கொடு என்கிறார்கள். என் கேள்விகள் இரண்டு. மூளையில் அழற்சி என்பது உண்மையில் என்ன? மஞ்சளிலும் வல்லாரையிலும் இருக்கும் பொருள்கள் அங்கே போய்ச் சேர்ந்து ஏதாவது செய்கின்றனவா? விளம்பரத்தில் வரும் பதில் எனக்கு வேண்டாம். அறிந்தவர்கள் ஆறுதலாக எழுதுங்கள்.

ரொறன்ரோ வாசி | ஞாயிறு, இரவு 10.05

தங்கச்சி, நீங்கள் கொடுப்பது நல்லது என்பதே என் எண்ணம். வெறும் நம்பிக்கையில் இதைச் சொல்லவில்லை. அல்சைமர் நோய் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு உணவில் சிறிதளவு குர்க்குமின் கலந்து கொடுத்த ஆய்வு ஒன்று 2001 இல் வெளிவந்தது. அந்த எலிகளின் மூளையில் அமிலோயிட் என்ற புரதத்தின் படிவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீற்றா என்ற புரதமும் குறைந்திருந்தது. அதே ஆண்டில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமப்புறத்தில் செய்த ஆய்வும் வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 4.7 பேருக்கே அல்சைமர் புதிதாக ஏற்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒப்பிட்டுப் பார்த்த சமூகத்தில் அந்த எண் 17.5. நாளாந்தம் மஞ்சள் சேர்த்துச் சமைக்கும் மக்களுக்கு நோய் குறைவாக இருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

என் தந்தையார் இதே நோயில் காலமானார். அந்த நாளில் இதையெல்லாம் நான் அறிந்திருக்கவில்லை.

மருத்துவபீட மாணவி | திங்கள், காலை 6.40

அக்கா, எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. டொனெபெசிலை வைத்தியரிடம் கேளாமல் நிறுத்த வேண்டாம். அது நோயை மாற்றும் மருந்தல்ல என்பது உண்மை. ஆனாலும் திடீரென்று நிறுத்தும்போது சிலருக்கு இருக்கும் தெளிவும் விரைவாகக் குறைந்துபோகிறது, பிறகு தொடங்கினாலும் பழைய நிலை முழுமையாகத் திரும்புவதில்லை.

இனி உங்கள் முதற் கேள்வி. 1906 இல் அலோய்ஸ் அல்சைமர் தம் நோயாளியான பெண்ணொருவரின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்து விவரித்தபோது இரண்டு மாற்றங்கள் முதன்மையாகத் தெரிந்தன. நரம்புக் கலங்களுக்கு வெளியே அமிலோயிட் படிவுகள் இருந்தன. கலங்களுக்கு உள்ளே டௌ புரதத்தின் முடிச்சுகள் இருந்தன. மூன்றாவதாக நுண்கிளியா என்ற கலங்கள் இருக்கின்றன. இவை மூளையின் சொந்தக் காவற்காரர்கள். கிருமியையும் இறந்த கலங்களின் மிச்சத்தையும் விழுங்கித் துப்புரவாக்குவதும் இவற்றின் வேலையே. அமிலோயிட் படிவைக் கண்டதும் அதைச் சூழ்ந்துகொண்டு அகற்ற முயல்கின்றன. அகற்ற முடியாமல் ஆண்டுக்கணக்கில் இது நீளும்போது, அவை ஓயாமல் வெளிவிடும் இன்டர்லூக்கின், ரீ.என்.எஃப். அல்பா போன்ற புரதங்கள் அருகிலுள்ள நலமான நரம்புக் கலங்களையும் அவற்றின் இணைப்புகளையும் அரிக்கத் தொடங்குகின்றன. மூளையின் அழற்சி என்று சொல்வது இதையே. முழங்கால் வீங்குவதுபோல் இது வெளியே தெரியாது; நோவும் இராது.

தாவரச் சேர்வைகளைப் பற்றிய நம்பிக்கை பிறப்பது இந்த இடத்தில்தான். கலத்தினுள் என்.எஃப். கப்பா-பி என்றொரு புரதம் இருக்கிறது. அது கலத்தின் கருவுக்குள் நுழைந்தால் அழற்சிப் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். மஞ்சளின் குர்க்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெராற்றோல், அமுக்கராக் கிழங்கின் விதாபெரின், பச்சைத் தேயிலையின் கற்றெக்கின் ஆகியவை யாவும் ஆய்வுகூடத்துக் கலங்களில் அந்த நுழைவைத் தடுப்பதாகப் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அழற்சி முழுவதும் கேடு என்று எண்ணிவிட்டால் தவறிவிடுவோம். நுண்கிளியாவின் மேற்பரப்பில் டிரெம்-2 என்ற ஏற்பி இருக்கிறது. அதன் மரபணுவில் ஒருவகை மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013 இல் கண்டார்கள். அந்த மாற்றம் நுண்கிளியாவைச் சோர்வடையச் செய்கிறது. அதாவது காவற்காரர் உறங்கினாலும் நோய் வருகிறது. ஆகவே இந்தக் கலங்களை ஒரேயடியாக அடக்குவது நன்மையா என்பதே பெரிய கேள்வி. எந்தக் கட்டத்தில், எந்த அளவுக்கு, எந்தத் தொழிற்பாட்டை அடக்குவது என்று போத்தலின் லேபல் சொல்வதில்லை.

அண்ணா சொன்ன எலி ஆய்வுக்குப் பிறகு மனிதரில் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். ஹொங்கொங்கில் 34 நோயாளிகளுக்கு நாளுக்கு 1 கிராம் அல்லது 4 கிராம் குர்க்குமினை ஆறு மாதம் கொடுத்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். நினைவாற்றலில் பயன் தெரியவில்லை. 2012 இல் கலிபோர்னியாவில் 36 நோயாளிகளுக்கு 24 கிழமைகள் கொடுத்தபோதும் அப்படியே. அவர்களுடைய குருதியில் குர்க்குமின் மிகச் சொற்பமாகவே இருந்தது. நம்பிக்கை தந்தது 2018 இல் வந்த லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வு. எளிதில் உறிஞ்சப்படும்படி தயாரித்த குர்க்குமினை 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு தடவை 18 மாதங்கள் எடுத்தவர்களின் நினைவாற்றல் ஓரளவு மேம்பட்டது. ஆனால் அதில் பங்குபற்றியவர்கள் 40 பேர் மட்டுமே. அவர்களில் எவருக்கும் மறதிநோய் இருக்கவில்லை. உங்கள் அம்மாவின் நிலை அதுவல்ல.

இளைப்பாறிய இரசாயனவியல் ஆசிரியர் | திங்கள், காலை 10.15

பிள்ளை, மாணவி எழுதியதில் குருதியில் சொற்பமாகவே இருந்தது என்ற வரியை நான் சற்று விரித்து எழுத விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் சேர்வைகளின் கட்டமைப்பை வரைந்தவன் என்ற முறையில் இந்த மூலக்கூறில் எனக்குப் பெரிய ஈடுபாடு உண்டு.

மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு. ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்று கொண்டால் அதில் 90 மில்லிகிராம் இருக்கும். கீழே நான் சொல்லும் பெங்களூர் ஆய்வில் கொடுத்த 2 கிராமை உணவிலிருந்து பெறுவதானால் ஒருவர் ஒரு நாளைக்கு 67 கிராம் மஞ்சள் தூள் உண்ண வேண்டும். எங்கள் வீட்டு மீன் சொதிக்கு அரைத் தேக்கரண்டி போதும், அதுவும் ஐந்து பேருக்கு. ஆகவே சமையலில் சேரும் மஞ்சளும் ஆய்வில் கொடுக்கும் குர்க்குமினும் பெயரால் ஒன்றே தவிர அளவால் இருவேறு உலகங்கள்.

அந்த 2 கிராமும் உள்ளே போனபின் என்னவாகிறது? குர்க்குமின் நீரில் கரையாது, குடற்சாற்றின் காரத்தன்மையில் நிலைத்திராமல் சிதையும், உறிஞ்சப்பட்ட சிறு பகுதியையும் குடற்சுவரும் ஈரலும் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். மிளகைச் சேர்க்கும் யோசனை இதனால்தான் எழுந்தது. பெங்களூரில் நடந்து 1998 இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது குருதியில் அதன் அளவு இருபது மடங்கு உயர்ந்தது. உலகிலுள்ள மஞ்சள் குளிசைப் போத்தல்களில் பெரும்பாலானவை அந்த எண்ணைத்தான் அச்சிடுகின்றன. அடிப்படை அளவு பூச்சியத்தை ஒட்டியிருந்ததென்பதை அச்சிடுவதில்லை. அளந்தது குருதியில், மூளையில் அல்ல என்பதையும் அச்சிடுவதில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு, மயிர்த்துளைக் குழாய்களின் சுவர்க் கலங்களை இறுக்கித் தைத்ததுபோல் அமைந்தது. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் அதைக் கடக்கும். குர்க்குமின் அப்படிப்பட்டதுதான், அதன் மூலக்கூற்றுத் திணிவு 368. ஆனால் ஈரல் அதனோடு சர்க்கரை அமிலத்தைப் பிணைத்தவுடன் அது நீரில் கரையும் பொருளாகிவிடுகிறது. பிறகு அந்தச் சுவரைக் கடப்பது கடினம்.

பைப்பரின் இந்தப் பிணைப்பை எப்படித் தடுக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஈரலின் நொதியங்களை அது மந்தப்படுத்துகிறது. குர்க்குமினுக்காக மட்டும் என்று அது தெரிந்து தடுப்பதில்லை. அம்மா வேறு மருந்துகள் எடுக்கிறாரா?

பல்லப்கர் ஆய்வைப் பற்றி ரொறன்ரோத் தம்பிக்கு ஒரு சொல். அந்த எண்கள் சரியானவை. ஆனால் அந்த ஆய்வு மஞ்சளைச் சோதிக்கவில்லை. அல்சைமருக்கு ஆபத்தைக் கூட்டும் அப்போ-ஈ 4 மரபணு வகை அந்த மக்களிடையே குறைவு. ஆயுட்காலம், உணவு, உடலுழைப்பு எல்லாம் வேறு. மஞ்சளைத் தனியே பிரித்துக் காரணமாக்க அந்தத் தரவு இடம் தராது.

இன்னொன்று, சற்றுப் புறம்பானதுதான். 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, மன்னார்க் கடலிலும் எங்கள் கரைகளிலும் மூட்டை மூட்டையாகக் கடத்தல் மஞ்சள் பிடிபட்ட காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி விலை ஏறும் பொருளில்தான் கலப்படம் வரும். பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்றைச் சேர்த்ததை 2019 இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஈயம் மூளைக்கு நஞ்சு. அங்கே காய்ந்த முழுக் கிழங்கை மெருகேற்றும்போதே அதைச் சேர்த்தார்கள், ஆகவே முழுக் கிழங்காக வாங்கிக் கழுவி இடிப்பது மட்டும் காப்பாகாது; தூளானாலும் கிழங்கானாலும் நம்பகமானவர்களிடம் பார்த்து வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கொக்குவில் மகள் | திங்கள், மாலை 5.30

ஐயா கேட்டதற்குப் பதில். அம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் ஆறு ஆண்டுகளாக, குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் கொடுக்கிறோம். குருதியமுக்கத்துக்கும் ஒரு குளிசை உண்டு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மஞ்சளுக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்று குளிக்க வார்க்கும்போது அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருப்பதைக் கண்டேன். எங்கேயாவது இடித்தீர்களா அம்மா என்று கேட்டேன். தெரியாது பிள்ளை என்றார். பல் தீட்டும்போது முரசிலும் கொஞ்சம் குருதி வருகிறது.

மருந்தாளர் | திங்கள், மாலை 5.50

சகோதரி, இன்றிரவு அந்த மஞ்சள் குளிசையைக் கொடுக்க வேண்டாம். கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் நாளை காலையிலேயே அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்று ஐ.என்.ஆர். (குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண், கூடினால் குருதி எளிதில் உறையாது) பார்க்கச் சொல்லுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். இரவில் கடும் தலைவலி, வாந்தி, கறுப்பாக மலம், நிற்காத குருதிப்பெருக்கு, வழமைக்கு மாறான மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை பொறுக்க வேண்டாம்.

வார்பரின் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2 இலிருந்து 3 வரை இருக்க வேண்டும். வார்பரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில கிழமைகளில் அது 10 ஐத் தாண்டியதாக நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018 இல் எச்சரிக்கை விடுத்தது. குர்க்குமினுக்குக் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கும் இயல்பும் உண்டு. ஆசிரியர் ஐயா சொன்ன பைப்பரின் மந்தப்படுத்தும் நொதியங்களில் ஒன்று டொனெபெசிலின் ஒரு பகுதியையும் கையாள்கிறது. இத்தாலியில் 2019 இல் மஞ்சள் குளிசை எடுத்தவர்கள் பலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதையும் நினைவில் வைத்திருங்கள்.

நாளாந்தம் எங்கள் பாமசிக்கு வருபவர்களிடம், வேறென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டால் வைத்தியர் எழுதியதை மட்டும் சொல்வார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் போத்தல்களை யாரும் மருந்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கறியில் போடும் மஞ்சளால் இந்தத் தொல்லை வராது, அதை நிறுத்த வேண்டியதில்லை.

சித்த வைத்தியர், கைதடி | திங்கள், இரவு 8.45

மருந்தாளர் சொன்னதை அப்படியே செய்யுங்கள், மகள். நாளைய பரிசோதனை முடியட்டும். வல்லாரையைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தபடியால், அதைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பிரமி என்று விற்கப்படும் குளிசைகளில் இரண்டு வெவ்வேறு மூலிகைகள் இருக்கின்றன. ஒன்று வல்லாரை. வட்ட இலை, தரையோடு படரும், எங்கள் சந்தைகளில் பிடி பிடியாகக் கட்டி விற்பார்கள், சிங்களத்தில் கொட்டுக்கொல என்பார்கள். மற்றது நீர்ப்பிரமி. சிறு சதைப்பற்றுள்ள இலை, வெண்ணிற அல்லது இளநீலப் பூ, ஈர நிலத்தில் வளரும். முன்னதில் ஏசியாற்றிகோசைட்டு வகைச் சேர்வைகள் உண்டு, பின்னதில் பக்கோசைட்டுகள். குடும்பமும் வேறு, குணமும் வேறு.

வல்லாரை உண்டாரோடு மல்லாடாதே என்று நம் முன்னோர் சொன்னது வீண்பேச்சல்ல. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து ஆய்வாளர்கள் வல்லாரையின் நீர்ச்சாற்றை அல்சைமர் வகை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் நடத்தைக் குறைபாடுகள் தணிந்ததாக 2012 இல் எழுதினார்கள். அமிலோயிட் படிவின் அளவு மாறாமலே அந்த முன்னேற்றம் தெரிந்தது என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது. படிவை அகற்றாமலே நரம்புக் கலத்தைத் தாங்குவதும் ஒரு வழியாகலாம். நீர்ப்பிரமியை 65 வயதுக்கு மேற்பட்ட 54 பேருக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் வீதம் 12 கிழமைகள் கொடுத்த 2008 ஆம் ஆண்டு ஆய்வில், சொற்களை நினைவுகூரும் திறன் கூடியது. அவர்களும் மறதிநோய் இல்லாதவர்களே. மறதிநோய் முற்றியவரை இவை மீட்டுவிடும் என்று நான் எவருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

எங்கள் மருத்துவத்தின் பெயரால் நடக்கும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் மூலிகையை அதன் அனுபானத்தோடும் பத்தியத்தோடும், நோயாளியின் நாடியையும் தேகநிலையையும் பார்த்துக் கொடுப்பதே முறை. ஒரு வேரிலிருந்து ஒரு சேர்வையை மட்டும் உறிஞ்சியெடுத்து, பல மடங்காகச் செறிவாக்கி, யாருக்கு என்று தெரியாமல் போத்தலில் அடைத்து விற்பது சித்த மருத்துவம் அல்ல. அதை நம் பாரம்பரியம் என்று சொல்லி விற்பது எனக்குப் பெரும் மனவருத்தத்தைத் தருகிறது. நீர்ப்பிரமி, டொனெபெசில் தடுக்கும் அதே நொதியத்தை ஆய்வுகூடத்தில் தடுப்பதாகக் காணப்பட்டுள்ளது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றோட்டமும் துடிப்புக் குறைவும் வரக்கூடும். ஆகவே எந்தச் சித்த வைத்தியரிடம் போனாலும் மேலைத்தேய மருந்துச் சிட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மருந்தாளர் | திங்கள், இரவு 9.10

வைத்தியர் ஐயாவின் பதிவோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி போன்ற கீரைகளில் வைற்றமின் கே உண்டு. அது வார்பரினுக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். கீரையை விலக்க வேண்டியதில்லை. கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு என்பதை ஒரே சீராக வைத்திருங்கள். ஒரு கிழமை ஒன்றுமில்லாமலும் மறு கிழமை நாளாந்தமும் கொடுத்தால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும்.

ரொறன்ரோ வாசி | செவ்வாய், அதிகாலை 3.30

தங்கச்சி, முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். மற்ற மருந்துகளைப் பற்றிக் கேளாமல் நல்லதென்று எழுதிவிட்டேன். ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி.

ஆனால் ஒரு கேள்வி என் மனதை விட்டு அகலவில்லை. குர்க்குமின் உறிஞ்சப்படவில்லை என்றால் அது குர்க்குமினின் குறை. வேறெத்தனையோ தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது மனிதரில் நிரூபிக்கப்படவில்லையா? இல்லையென்றால் அழற்சியைக் குறைப்பது என்ற எண்ணமே தவறா?

மருத்துவபீட மாணவி | செவ்வாய், காலை 6.15

அண்ணா, இந்தத் துறை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

பெரிய அளவில் சோதிக்கப்பட்ட தாவரம் கிங்கோ. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேரில் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நாளுக்கு இரு தடவை 120 மில்லிகிராம் எடுத்தவர்களில் 277 பேருக்கும் மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களில் 246 பேருக்கும் மறதிநோய் வந்தது. தடுப்பு எதுவும் இல்லை. ரெஸ்வெராற்றோலை 119 அல்சைமர் நோயாளிகளுக்கு 52 கிழமைகள் கொடுத்த ஆய்வு 2015 இல் வந்தது. மூளையைச் சூழும் நீரில் சில குறிகாட்டிகள் மாறின, சேர்வை மூளைத் தடுப்பைக் கடந்ததும் தெரிந்தது. ஆனால் மூளையின் கனவளவு போலிக் குளிசை எடுத்தவர்களை விட இவர்களில் அதிகமாகக் குறைந்தது. அது வீக்கம் வற்றியதனாலா, கேட்டினாலா என்று பிரித்தறிய அந்த ஆய்வால் முடியவில்லை.

அழற்சி எண்ணமே தவறா என்ற கேள்விக்கு, தாவரங்களை விட்டு வலிநிவாரணிகளின் கதையைப் பார்க்க வேண்டும். ஐபுபுரோபென் போன்றவற்றை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவர்களுக்கு அல்சைமர் மிகக் குறைவாக வந்ததாக நெதர்லாந்தின் றொற்றர்டாம் ஆய்வு 2001 இல் சொன்னது. அக்காலத்திலேயே 2,500 இற்கு மேற்பட்ட முதியவர்களில் நப்ரொக்சென், செலிகொக்சிப் ஆகிய இரண்டையும் நேரடியாகச் சோதித்தார்கள். இதயப் பாதுகாப்புப் பற்றிய அச்சத்தால் 2004 டிசம்பரில் மருந்தை நிறுத்தினார்கள், தடுப்புப் பயனும் காணப்படவில்லை. குர்க்குமினை விட எத்தனையோ மடங்கு உறுதியாக அழற்சியை அடக்கும் மருந்துகளே தோற்றன. படிவுகள் சேரத் தொடங்குவது மறதி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னர் என்பது இப்போது தெரியும். எலிகளுக்கு நாம் இளவயதிலேயே கொடுக்கிறோம். மனிதருக்கு வீடு எரிந்த பின்னரே வருகிறோம். மிகத் தொடக்கத்தில், சரியான ஆட்களுக்கு, மூளையை உறுதியாகச் சென்றடையும் வடிவில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதே இனி விடை காண வேண்டியது. அந்த ஆய்வுகள் நடக்கவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

தாவரம் ஒன்று வென்ற கதையும் இருக்கிறது. கலந்தமின் என்ற மருந்து பனித்துளிப்பூ என்னும் சிறு செடியின் கிழங்கிலிருந்து வந்தது. 1950களில் பல்கேரியாவில் அதை மருந்தாக வளர்த்தெடுத்தார்கள், 2001 இல் அமெரிக்காவில் அல்சைமருக்கு ஏற்றுக்கொண்டார்கள். டொனெபெசிலைப் போலவே அதுவும், நினைவுக்கு வேண்டிய அசற்றைல்கோலின் என்ற மூளை இரசாயனத்தின் சிதைவைத் தடுக்கிறது. அழற்சி மருந்தென்று அதை யாரும் கொடுப்பதில்லை. ஆனால் தாவரத்திலிருந்து எடுத்து, தூய்மையாக்கி, அளவு குறித்து, பக்கவிளைவை எழுதிவைத்து, பல நூறு பேரில் சோதித்தபின் அது கிளினிக்குக்கு வந்தது.

முதியோர் விடுதித் தாதி | செவ்வாய், நண்பகல் 12.40

தங்கச்சி, நான் மானிப்பாய்ப் பக்கத்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். மூளையின் அழற்சிக்கு எதைக் கொடுக்கலாம் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். உடம்பின் மற்றப் பாகங்களில் வரும் அழற்சியும் மூளைக்குப் போகிறது என்பதை நான் நாளாந்தம் காண்கிறேன். நேற்றுவரை மகளைப் பெயர் சொல்லி அழைத்தவர் இன்று யாரையும் தெரியாமல் சுவரோடு பேசுவார். குடும்பத்தார் நோய் முற்றிவிட்டதென்று அழுவார்கள். சிறுநீரைப் பரிசோதித்தால் கிருமித்தொற்று இருக்கும். மருந்து கொடுத்து ஒரு கிழமையில் பழைய நிலைக்குப் பெரும்பாலும் வந்துவிடுவார்.

இங்கிலாந்தில் 300 அல்சைமர் நோயாளிகளை ஆறு மாதம் கவனித்து 2009 இல் எழுதிய ஆய்வும் இதையே சொல்கிறது. தொற்றோ காயமோ ஏற்பட்டவர்களுக்கு நினைவிழப்பின் வேகம் இரு மடங்காக இருந்தது. நுண்கிளியா ஏற்கெனவே விழித்திருப்பதால், உடம்பிலிருந்து வரும் சிறு செய்திக்கும் பெரிதாகத் துள்ளுகிறது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்.

ஆகவே அம்மாவுக்குத் தண்ணீர் போதுமா என்று பாருங்கள், சித்திரை வெயிலில் இவர்கள் தாகத்தைச் சொல்லமாட்டார்கள். இரவில் கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவுங்கள், முரசைப் பாருங்கள். முதுகிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று குளிக்க வார்க்கும்போது தடவிப்பாருங்கள். மலச்சிக்கலை விடாதீர்கள். காது கேட்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். அந்தக் கன்றலைக் கண்டது நீங்கள் குளிக்க வார்த்தபடியால்தானே.

கொக்குவில் மகள் | வெள்ளி, மாலை 4.10

எல்லோருக்கும் என் நன்றி. செவ்வாய் காலையே கூட்டிச்சென்றோம். அம்மாவின் ஐ.என்.ஆர். 4.8 ஆக இருந்தது. முந்திய மாதம் 2.4. வைத்தியர் போத்தலை வாங்கிப் படித்து, மஞ்சள் குளிசையை முற்றாக நிறுத்தச் சொன்னார், வார்பரினை ஒரு வேளை தவிர்த்துவிட்டுத் தொடரச் சொன்னார். இன்று மறுபடி பார்த்தபோது 2.9. கன்றல் ஓரங்களில் மஞ்சளாகி மங்கத் தொடங்கியிருக்கிறது. இனிமேல் வீட்டுக்கு வரும் எந்தப் போத்தலையும் முதலில் கிளினிக் கொப்பியில் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பெரியம்மாவின் மகனுக்கும் இந்த இழையை அனுப்பினேன். அவர் அன்போடுதான் கொண்டுவந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தாதி அக்கா சொன்னபடி சிறுநீரும் கொடுத்தோம். தொற்று இல்லை. முரசில் ஒரு பல் ஆடுகிறது, அடுத்த கிழமை பல் வைத்தியரிடம் போக வேண்டும்.

வல்லாரையைச் செவ்வாயும் வெள்ளியும் ஒவ்வொரு பிடி என்று வைத்திருக்கிறோம். இன்று அந்தப் பிடியை அம்மாவின் முன்னால் சுளகில் வைத்தேன். என் பெயரைக் காலையில் இரண்டு தடவை கேட்டவர், காம்பை எந்த இடத்தில் கிள்ள வேண்டும், பழுத்த இலையை எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்பதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் வெங்காயத்தை வெட்டி, தேங்காய்ப்பூவைத் திருவி வைத்தேன். அம்மா கையால் பிசைந்து, தேசிக்காய் விட்டு, நுனிவிரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்புக் காணாது என்றார். உண்மையில் காணாதுதான்.